டீகேப்பிங் பின் ஏன் மூணு தடவை உடைஞ்சது?

போன பதிவுல ரசப்பொடி அரைக்கிறதைப் பத்தி எழுதினேன். இந்தத் தடவை துப்பாக்கித் தோட்டா. "இவனுக்கு என்னாச்சு"ன்னு கேக்கறவங்களுக்கு, ஒண்ணும் ஆகலை. நான் அமெரிக்காவுல மொன்டானா மாநிலத்துல, போஸ்மன் ஊர்ல மெக்கானிக்கல் இன்ஜினியரிங் பிஎச்டி பண்றேன். இங்க வீட்டுக்கு வீடு கராஜ்ல ஒரு வொர்க் பெஞ்ச் இருக்கும். நம்ம ஊர்ல ஆட்டுக்கல் மாதிரி அதுல ஒரு ரீலோடிங் ப்ரெஸ் போல்ட் போட்டு நிக்கும். அந்த ப்ரெஸ்ல வேலை பாக்கற ஒரு சின்ன எஃகு ஊசியைப் பத்தித்தான் இந்தப் பதிவு. அது தீக்குச்சியை விடக் கொஞ்சம் ஒல்லி. அஞ்சு ஊசி உள்ள பாக்கெட் ஒரு பீட்சா விலை கூட வராது. ஆனா அது உடைஞ்சதால ஒரு வீட்டுல ஒரு வருஷத்துக் கறி இல்லாமப் போச்சு. அது நல்லதுக்குத்தான்னு இப்ப நினைக்கிறேன். ஏன்னு சொல்றேன்.

முதல்ல அடிப்படை. தெரிஞ்சவங்க ரெண்டு பாரா தாண்டிப் போயிடுங்க.

ஒரு ரைஃபிள் தோட்டால நாலு சமாச்சாரம் இருக்கு. வெளிய தெரியற பித்தளைக் கூடு, அதோட அடியில நடுவுல பதிச்சிருக்கிற ப்ரைமர், உள்ள மருந்து, வாய்ல செருகியிருக்கிற குண்டு. ப்ரைமர்ங்கறதை தீபாவளிக்குச் சின்னப் பசங்க துப்பாக்கியில வச்சுச் சுடற பொட்டு கேப்போட பெரியண்ணன்னு வச்சுக்குங்க. துப்பாக்கியோட ஊசி அதைக் குத்தினா பொறி பறக்கும். அந்தப் பொறி கூட்டோட அடியில இருக்கிற ஒரு சின்ன ஓட்டை வழியா உள்ள போய் மருந்தைப் பத்த வைக்கும். அந்த ஓட்டைக்குப் பேர் ஃபிளாஷ் ஹோல்.

சுட்டு முடிச்சா குண்டு போச்சு, மருந்து போச்சு, ப்ரைமர் செத்துப் போச்சு. மிஞ்சறது பித்தளைக் கூடு மட்டும். எழுபது பங்கு தாமிரம், முப்பது பங்கு துத்தநாகம் கலந்த நல்ல பித்தளை. தோட்டால விலை ஜாஸ்தியான பாகமும் பெரும்பாலும் அதுதான். அதைத் தூக்கிப் போட மனசு வராதவங்க செத்த ப்ரைமரைத் தள்ளிட்டு, கூட்டைப் பழைய அளவுக்கு அமுக்கி, புது ப்ரைமர், மருந்து, குண்டு வச்சு மறுபடி தோட்டா ஆக்கறாங்க. இதுக்குப் பேர்தான் ரீலோடிங். செத்த ப்ரைமரை உள்ளேர்ந்து, ஃபிளாஷ் ஹோல் வழியாக் குத்தி வெளிய தள்ற ஊசிதான் டீகேப்பிங் பின்.

சட்ட விஷயத்தையும் இங்கயே சொல்லிடறேன், இல்லைன்னா பின்னூட்டத்துல யாராவது கேப்பீங்க. அமெரிக்காவுல சொந்த உபயோகத்துக்குத் தோட்டா ரீலோட் பண்ண மத்திய அரசு லைசன்ஸ் எதுவும் வேண்டாம். ஆனா நம்மள மாதிரி மாணவர் விசாவுல இருக்கிறவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வச்சுக்கறதை மத்திய சட்டம் தடுக்குது. ஹண்டிங் லைசன்ஸ் மாதிரி சில விதிவிலக்கு மட்டும்தான். வேடிக்கை என்னன்னா, அந்தச் சட்டத்துல 'அம்யூனிஷன்'ங்கிற சொல்லுக்குள்ள காலிப் பித்தளைக் கூடும் அடக்கம். நான் ஹன்டர் எஜுகேஷன் கோர்ஸ் முடிச்சு, லைசன்ஸ் வாங்கினதுக்கு அப்புறம்தான் இந்தப் பெஞ்ச் பக்கமே போனேன். (இதுவரைக்கும் ஒரு முயலைக் கூடச் சுட்டதில்லை, அம்மா படிச்சா நிம்மதியா இருங்க.) இந்தியாவுல லைசன்ஸ் இல்லாம வீட்டுல தோட்டா தயாரிக்கறது குற்றம். யாரும் முயற்சி பண்ண வேண்டாம்.

இப்ப எங்க ஹவுஸ் ஓனர். 74 வயசு. மனைவி இல்லை. ஒரே பொண்ணு, அவங்க நாலு மணி நேரம் தள்ளி வேற ஊர்ல இருக்காங்க. இங்க எல்லாரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடணும், ஆனா அந்த வயசு ஆளைப் பேர் சொல்ல எனக்கு வாய் வரலை. 'சார்'னே கூப்பிடுவேன். அவர் என்னை 'கிட்'ம்பார். இந்தப் பதிவுல அவரைப் பெரியவர்னு வச்சுக்குவோம். அவர்கிட்ட அவங்க அப்பாவோட .30-06 ரைஃபிள் இருக்கு. 'தேர்ட்டி ஆட் சிக்ஸ்'னு சொல்லணும். துப்பாக்கிக் குழாயோட உள் குறுக்களவு 0.30 அங்குலம், அமெரிக்க ராணுவம் அதை ஏத்துக்கிட்ட வருஷம் 1906. பேருக்கு அவ்வளவுதான் அர்த்தம். ஒவ்வொரு வருஷமும் அக்டோபர் கடைசியில தொடங்கி அஞ்சு வாரம் இங்க ரைஃபிள் சீசன். பெரியவர் ஒரு எல்க் அடிச்சா (நம்ம கடமானுக்கு அண்ணன் மாதிரி, உருவத்துல இன்னும் பெருசு) குளிர்காலம் பூரா ஃப்ரீசர்ல கறி இருக்கும். கடையில மாட்டுக்கறி வாங்கறதே இல்லை. தோட்டாவும் கடையில வாங்கறதில்லை. நாப்பது வருஷமா அவர் கையாலதான்.

2023 செப்டம்பர்ல ஒரு சனிக்கிழமை காலையில பின் உடைஞ்சது. அவரே மாத்திட்டார். அன்னைக்குச் சாயந்திரம் மறுபடி உடைஞ்சது. "முன்ன மாதிரி சரக்கு இல்லை, எல்லாம் தரம் கெட்டுப் போச்சு"ன்னு திட்டிக்கிட்டே அதையும் மாத்தினார். ஞாயித்துக்கிழமை மூணாவது தடவை. அப்பத்தான் என்னைக் கூப்பிட்டார். "கிட், உங்க காலேஜ் மெஷின் ஷாப்புல இதை விடக் கெட்டியா ஒண்ணு பண்ணித் தர முடியுமா? கொஞ்சம் தடிமனா இருந்தாலும் பரவாயில்லை."

இதைக் கேட்டதும் எனக்கு எங்க பாட்டி வீடு ஞாபகம் வந்துச்சு. அங்க ஃபியூஸ் அடிக்கடி போகும். ஒரு தடவை பக்கத்து வீட்டு அண்ணன் வந்து, "இனிமே போகாது பாருங்க"ன்னு சொல்லி நல்ல தடிமனான கம்பியா ஒண்ணு போட்டுட்டுப் போனார். சொன்ன மாதிரியே ஃபியூஸ் போகலை. ரெண்டு மாசம் கழிச்சு மோட்டார் போச்சு. ஃபியூஸ் போறது கோளாறு இல்லை, கோளாறு வேற எங்கயோ இருக்குன்னு சொல்ற தகவல். பின்னும் அதே ஜாதி. அதனால, "பண்ணலாம் சார், ஆனா முதல்ல உடைஞ்ச மூணையும் காட்டுங்க"ன்னேன். நல்லவேளை, பெரியவர் எதையும் தூக்கிப் போடற ஆள் இல்லை. ஒரு மாத்திரை டப்பாவுல மூணு துண்டும் இருந்துச்சு.

காரணத்துக்குப் போறதுக்கு முன்னாடி, பின் மாத்தறது எப்படின்னு எழுதிடறேன். இதைத் தேடி வந்தவங்களுக்கு அதுதான் முக்கியம்.

1. உடனே நிறுத்துங்க. உடைஞ்ச முனை எங்கன்னு முதல்ல கண்டுபிடிங்க. அது கூட்டுக்குள்ளயோ ஃபிளாஷ் ஹோல்லயோ மாட்டியிருக்கும். அது கிடைக்காம அடுத்த கூட்டைத் தொடாதீங்க. எஃகுத் துண்டு உள்ள இருக்கிற கூட்டை யாரும் தெரியாம நிரப்பிடக் கூடாது. அந்தக் கூட்டைத் தனியா வைங்க. சந்தேகம் இருந்தா நசுக்கிப் பழைய பித்தளைக்குப் போட்டுடுங்க.

2. ப்ரெஸ்ல மாட்டியிருக்கிற டையோட தலையில ஒரு லாக் நட் இருக்கும். அதைத் தளர்த்தி, நடுவுல இருக்கிற ராடை முழுசா வெளிய எடுங்க. ராடோட கீழ்ப் பக்கம் ஒரு உருண்டையான குமிழ் இருக்கும். அது எக்ஸ்பாண்டர், கூட்டோட கழுத்தை உள்ளேர்ந்து சரியான அளவுக்கு விரிக்கறது. அதுக்கும் கீழ பின்.

3. நிறைய டைல பின்னுக்கு ஆணி மாதிரி சின்னத் தலை இருக்கும். மரை போட்ட ஒரு மூடி அந்தத் தலையைப் பிடிச்சு வச்சிருக்கும். சில டைல எக்ஸ்பாண்டரே அந்த மூடி வேலையைப் பாக்கும். ராடை வைஸ்ல பிடிங்க, ஆனா வைஸோட பல்லுக்கும் ராடுக்கும் நடுவுல பழைய பெல்ட் தோல் துண்டு வைங்க. மூடியைக் கழட்டித் தட்டினா உடைஞ்ச பின்னோட தலை விழுந்துடும். விழலைன்னா ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக் கொஞ்ச நேரம் காத்திருங்க.

4. ராடை ஒரு கண்ணாடி மேல வச்சு உருட்டுங்க. ஆட்டம் இல்லாம உருண்டா நேரா இருக்குன்னு அர்த்தம். ஏறி இறங்கினா வளைஞ்சிருக்கு. வளைஞ்ச ராடுல புதுப் பின் போடறது வீண், அதுவும் உடையும்.

5. புதுப் பின்னைத் தலைப் பக்கம் உள்ள போற மாதிரி வச்சு மூடியை இறுக்குங்க. கையால இறுக்கி, அப்புறம் கொஞ்சமே கொஞ்சம். மரை ரொம்பச் சின்னது.

6. ராடைத் திரும்ப மாட்டும்போது டையோட வாய்க்குக் கீழ பின் ஏறக்குறைய 5 மி.மீ. நீட்டிக்கிட்டு இருக்கணும். உங்க டையோட வந்த தாள்ல என்ன போட்டிருக்கோ அதையே பாருங்க. ரொம்பக் கீழ இறக்கினா எக்ஸ்பாண்டரோ மூடியோ போய் கூட்டோட அடியில முட்டும். அந்த முட்டல்லயே ராடு வளையும்.

7. நட்டை இறுக்கறதுக்கு முன்னாடி, எண்ணெய் தடவின ஒரு நல்ல கூட்டை உள்ள ஏத்தி, எக்ஸ்பாண்டர் கழுத்துக்குள்ள இருக்கும்போது நிறுத்தி நட்டை இறுக்குங்க. ராடு தானா நடுவுக்கு வந்துடும்.

எல்லாம் சேர்ந்து பத்து நிமிஷ வேலை. கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்குங்க. செத்த ப்ரைமர் புகைக் கரியில ஈயம் இருக்கும், வேலை முடிஞ்சதும் சோப்பு போட்டுக் கை கழுவுங்க. பெஞ்ச்ல உக்காந்து முறுக்கு சாப்பிடாதீங்க.

இனி அந்த மூணு துண்டு. முதல் ரெண்டும் ஒரு பக்கமா வளைஞ்சு அப்புறம் முறிஞ்சிருந்துச்சு. மூணாவது வளையாம நேரா முறிஞ்சிருந்துச்சு. ஓட்டைக்குள்ள போற ஊசிக்கு வளைய வேண்டிய அவசியமே இல்லை. வளைஞ்சிருக்குன்னா அது போய் முட்டினது ஓட்டையில இல்லை, சுவத்துல.

அவர் அன்னைக்கு வேலை பாத்தது வழக்கமான அவரோட கூடுகள்ல இல்லை. ஒரு கராஜ் சேல்ல வாங்கின காபி டின் நிறைய, கலந்து கட்டிய .30-06 கூடுகள். இருநூத்துச் சொச்சம் இருக்கும். நான் செல்போன் டார்ச்சை ஒவ்வொரு கூட்டோட வாய்லயும் அடிச்சுப் பாத்தேன். பெரும்பாலானதுல அடியில நடுவுல ஒரே ஒரு ஓட்டை. பதினோரு கூட்டுல மட்டும் நடுவுல ஓட்டை இல்லை. நடுவுக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு பொடி ஓட்டை. அதுல ரெண்டு கூட்டுல, ஓட்டை இருக்க வேண்டிய நட்ட நடுவுல, புதுசாப் பளபளன்னு ஒரு புள்ளி. பின் போய்க் குத்தின இடம்.

இதுக்குப் பின்னாடி ஒரு வரலாறு இருக்கு. ஒரே வருஷம், 1866. எட்வர்ட் பாக்ஸர்னு ஒரு பிரிட்டிஷ் ராணுவ அதிகாரியும், ஹைரம் பெர்டான்னு ஒரு அமெரிக்கரும் தனித்தனியா ஆளுக்கொரு ப்ரைமருக்குக் காப்புரிமை வாங்கினாங்க. பெர்டான் சும்மா ஆள் இல்லை, அமெரிக்க உள்நாட்டுப் போர்ல குறி பாத்துச் சுடற படைப்பிரிவை நடத்தினவர். ப்ரைமர் வெடிக்கணும்னா சுத்தியலுக்கு எதிர்ல ஒரு பட்டறைக்கல் வேணும். பாக்ஸர் அந்தக் குட்டிப் பட்டறைக்கல்லை ப்ரைமருக்குள்ளயே வச்சார். அதனால கூட்டோட நடுவுல பெருசா ஒரே ஓட்டை போட முடிஞ்சது. பெர்டான் அதைக் கூட்டோட அடியிலயே ஒரு மேடா அமைச்சார். நடுவுல மேடு இருக்கறதால ஓட்டை ரெண்டு பக்கமும் தள்ளிப் போச்சு. பெர்டான் ப்ரைமர் தயாரிக்க எளிசு, பாக்ஸர் கூடு திரும்ப நிரப்ப எளிசு. கடைசியில நடந்தது என்னன்னா, பிரிட்டிஷ்காரர் கண்டுபிடிச்சது அமெரிக்காவுல நிலைச்சது, அமெரிக்கர் கண்டுபிடிச்சது ஐரோப்பாவுலயும் மத்த நாட்டு ராணுவங்கள்லயும் பரவுச்சு. வெளிநாட்டு ராணுவச் சரக்கு பழைய சாமான்ல கலந்து இங்க வரும்போது, அமெரிக்க டையோட ஒத்தைப் பின் நேரா அந்த மேட்டுக்குப் பின்பக்கமா, ஓட்டையே இல்லாத இடத்துல போய் மோதுது.

மூணாவது உடைசலுக்கும் விடை கிடைச்சது. ராடைக் கண்ணாடி மேல உருட்டினா ஏறி இறங்குச்சு. ரெண்டாவது மோதல்ல ராடே லேசா வளைஞ்சிருக்கு. அதனால மூணாவது பின் ஒரு நல்ல பாக்ஸர் கூட்டுலயே ஓட்டையோட விளிம்புல மாட்டி முறிஞ்சிருக்கு. புது ராடு ஒண்ணு வாங்கிப் போட்டோம். பதினோரு கூட்டும் குப்பைக்கு. டை சரியாயிடுச்சு.

பின் உடைய வேற காரணங்களும் உண்டு. ராணுவக் கூடுகள்ல ப்ரைமர் கழண்டு வராம இருக்க விளிம்பை நசுக்கி அடிச்சிருப்பாங்க, அதைத் தள்ள ரொம்ப அழுத்தம் வேணும். சாதாரண ஃபிளாஷ் ஹோல் ஏறக்குறைய 2 மி.மீ., ஆனா லாப்புவா மாதிரி கம்பெனிகளோட சில ரகக் கூட்டுல அது 1.5 மி.மீ.தான், அதுக்கு ஒல்லிப் பின் வேணும். கூட்டைத் துலக்கப் போடற வால்நட் ஓட்டுத் தூளோ சின்ன எஃகுக் கம்பித் துண்டோ ஓட்டையில அடைச்சிருக்கலாம். கீழ கிடந்து பொறுக்கின கூட்டுன்னா உள்ள ஒரு கூழாங்கல் கூட இருக்கலாம். இது அத்தனைக்கும் ஒரே மருந்து, டார்ச்சை அடிச்சு உள்ள பாக்கறது. கைப்பிடி வழக்கத்தை விடக் கனமா இருந்தா அழுத்தாம நிறுத்தறது. லீ கம்பெனி டைல ராடை ஒரு காலெட் இறுக்கிப் பிடிச்சிருக்கும். அளவுக்கு மீறி அழுத்தினா பின் உடையாம ராடு மேல வழுக்கிப் போயிடும். அதுவும் நல்ல யோசனைதான். ஆனா வழுக்கினாலும் உடைஞ்சாலும் அது சொல்ற சேதி ஒண்ணுதான், 'உள்ள ஏதோ சரியில்லை, பாரு'.

இத்தோட பதிவை முடிச்சிருக்கலாம். ஆனா நடந்தது இத்தோட முடியலை.

காரணத்தைக் காட்டலாம்னு ஒரு பாக்ஸர் கூட்டையும் ஒரு பெர்டான் கூட்டையும் எடுத்துட்டுப் போய் அவர் கையில கொடுத்தேன். ஜன்னல் பக்கம் திருப்பிப் பாத்தார். "ரெண்டும் ஒண்ணுதானே"ன்னார். டார்ச்சைக் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியை ஏத்தி இறக்கி, ஒரு நிமிஷம் போல பாத்தார். "ரெண்டுலயும் நடுவுல ஒரு கறுப்புப் புள்ளி தெரியுது, அவ்வளவுதான்"ன்னார். எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை. ரெண்டு கண்லயும் கண்புரை இருக்குன்னு டாக்டர் சொல்லியிருந்ததும், சீசன் முடிஞ்சு பாத்துக்கலாம்னு அவர் ஆபரேஷனைத் தள்ளிப் போட்டதும் எனக்குத் தெரியும். அவர் பொண்ணு போன்ல "அப்பா, இந்த வருஷம் தோட்டா செய்யறதை விட்டுடுங்க"ன்னு சொன்னதும், இவர் கோவத்துல போனை வச்சதும் கூடத் தெரியும். வாடகைக்கு இருக்கிற பையன், அதுவும் பாதி வாடகைக்கு, இதுல நுழையலாமா?

ஆனா எனக்கு ஒரு கணக்கு மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருந்துச்சு. கார் டயர்ல சுமார் 32 பிஎஸ்ஐ காத்து அடிக்கிறோம். .30-06 தோட்டாவுக்கு அமெரிக்கத் தர அளவுப்படி அதிகபட்ச அழுத்தம் 60,000 பிஎஸ்ஐ. அது வெடிக்கிற இடம் சுடற ஆளோட கன்னத்துக்குப் பக்கத்துல. பின் வேலை செய்யற கட்டத்துல கண்ணு ஒண்ணைத் தவறவிட்டா நஷ்டம் ரெண்டு டாலர் ஊசி. அதே கண்ணு அதே பெஞ்ச்ல ஒரு மணி நேரம் கழிச்சு மருந்து டப்பாவோட லேபிளைப் படிக்கணும், தராசோட எண்ணைப் படிக்கணும், அம்பது கூட்டுலயும் மருந்து ஒரே மட்டத்துல இருக்கான்னு எட்டிப் பாக்கணும். ஒரு கூட்டுல மருந்தே விழலைன்னு வைங்க. ப்ரைமர் மட்டும் வெடிச்சு, குண்டு குழாய்க்குள்ள பாதியில நின்னுடலாம். அது தெரியாம அடுத்ததைச் சுட்டா குழாய் வெடிக்கும். தப்பான டப்பாவுலேர்ந்து வேகமா எரியற மருந்து போனா அதை விட மோசம். அங்க முன்னாடியே உடைஞ்சு எச்சரிக்கக் குட்டி ஊசி எதுவும் கிடையாது.

இதை அப்படியே அவர்கிட்ட சொன்னேன், கொஞ்சம் மென்னு முழுங்கி. "சார், பின் தரம் நல்லாத்தான் இருக்கு. உங்க கையும் நல்லாத்தான் இருக்கு. ஓட்டை தெரியலை, அதான் விஷயம். அடுத்த வேலை மருந்து போடறது"ன்னேன். அதுக்கு மேல விளக்க வேண்டி வரலை. நாப்பது வருஷம் இந்த வேலை பாத்த ஆள், மீதி வாக்கியம் என்னன்னு என்னை விட அவருக்கு நல்லாத் தெரியும். கூட்டை மேஜை மேல வச்சுட்டு, "மான் எங்க நிக்குதுன்னு தெரியுமான்னும் கேளேன்"ன்னார். கேக்கத்தான் நினைச்சேன், வாய் வரலை. அவரே சொன்னது நல்லதாப் போச்சு. குண்டு போற திசையில மான் மட்டும்தான் இருக்கும்னு இல்லை. அதுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு தெரியாமச் சுடக் கூடாதுங்கறதுதான் ஹன்டர் எஜுகேஷன்ல எனக்குச் சொல்லிக்கொடுத்த முக்கியமான பாடங்கள்ல ஒண்ணு.

ரெண்டு நாள் என்கிட்ட சரியாப் பேசலை. மூணாவது நாள் கண் ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணி தேதி வாங்கினார். அந்த வருஷம் அவர் மலைக்குப் போகலை. அவருக்கு நினைவு தெரிஞ்சு அப்பா இறந்த வருஷம் தவிர வேற எந்த வருஷமும் தவறினதில்லையாம். நவம்பர்ல ஒரு நாள் காலியா இருந்த ஃப்ரீசரைத் திறந்து வச்சுக்கிட்டு நின்னார், பாக்கவே ஒரு மாதிரி இருந்துச்சு. அவர் பொண்ணு ஒரு பெட்டி நிறையக் கறி அனுப்பிச்சாங்க. "கடை மாட்டுக்கறியை விட இது பரவாயில்லை"ன்னு முணுமுணுத்துக்கிட்டே சாப்பிட்டார். ஒரு கண்ணுக்கு டிசம்பர்ல ஆபரேஷன், இன்னொண்ணுக்கு ஜனவரியில. கட்டு அவுத்ததும் முதல்ல சொன்னது, "சமையல்கட்டுச் சுவர் இவ்வளவு அழுக்கா?"

இப்பவும் ரீலோடிங் பண்றார். ஆனா பெஞ்ச்ல மூணு மாத்தம். முதலாவது, டீகேப்பிங்குக்குன்னே தனி டை வாங்கிட்டார். யுனிவர்சல் டீகேப்பிங் டைன்னு பேர், அளவு அமுக்கற வேலை எதுவும் பண்ணாது, பின்னும் ராடும் கெட்டி. "தடிமனான கம்பி வேண்டாம்னு நீதானே சொன்னே"ன்னு கிண்டல் பண்ணினார். காரணம் தெரிஞ்சதுக்கு அப்புறம் தடிமன் கம்பி போடறதுல தப்பில்லைன்னு நானும் சமாளிச்சேன். ரெண்டாவது, பெஞ்ச்ல வளையற கழுத்து விளக்கு. எந்தக் கூடும் அது கீழ காட்டாம ப்ரெஸ்ல ஏறாது. மூணாவது, மருந்து போட்டு முடிச்ச கூடுகளை மரக்கட்டையில வரிசையா நிக்க வச்சுட்டு, குண்டு செருகறதுக்கு முன்னாடி என்னைக் கூப்பிடுவார். நான் டார்ச் அடிச்சு அம்பதையும் ஒவ்வொண்ணாப் பாத்து 'ஓகே' சொன்னாத்தான் அடுத்த வேலை. கண்ணு இப்ப அவருக்கு என்னை விட நல்லாத் தெரியுது. இருந்தாலும் கூப்பிடறார். நானும் போறேன்.

டை, ப்ரெஸ், கூடு சம்பந்தமா உங்க அனுபவம் இருந்தா எழுதுங்க. மருந்து அளவு மட்டும் என்கிட்ட கேக்காதீங்க. அதை அச்சடிச்ச ரீலோடிங் கையேட்டுல பாக்கறதுதான் முறை. அடுத்த பதிவு அநேகமா மறுபடி சமையல், ஏன்னா பெரியவருக்கு மிளகுக் கறி வறுவல் கத்துக்கணுமாம்.